மாமா பக்கம் புரட்டிய சனிக்கிழமை

அன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. காலை ஒன்பது மணிக்கு நானும் மாமாவும் வெள்ளவத்தையில் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம்.
2. பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கொட்டாஞ்சேனையில் உள்ள வாசிகசாலைக்குள் நுழைந்தோம்.
3. மாமா பத்திரிகையின் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.
4. பக்கத்தில் நின்ற பெண் அதைப் பழையபடி திருப்பிவிட்டார்.
5. இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது.
6. வெளியே போய்க் கதைக்கச் சொன்னார்கள். வெளியே போய்க் கதைத்தார்கள்.
7. தான் பார்க்கப் போன பெண் கடைசிவரை வரவே இல்லை என்று மாமா சொன்னார்.
8. பின்னேரம் மூன்று மணிக்கு அம்மா தொலைபேசியில் “பொருந்தாது” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. முதல் ஏழு விடயங்களையும் நான்தான் குசினி வாசலில் நின்று அம்மாவுக்கு ஒப்புவித்தேன். அதைக் கேட்டதால்தான் எட்டாவது நடந்தது. இன்று ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை அறிக்கை எழுதுவது என் தொழில். எந்தப் படியில் என்ன செய்தோம், எதை எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று நாள் முழுக்க எழுதுகிறேன். அந்தக் கண்ணோடு பார்த்தாலும் என் அறிக்கையில் ஒரு தவறும் இல்லை. அதை நம்பி எடுத்த முடிவுதான் தவறாகப் போனது.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா வெளிநாட்டில் வேலை செய்ததால் எங்களுக்குத் துணையாக வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் முன்னறையில் இருந்தார். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். நாள் முழுக்க வழக்குக் கோப்புகளைப் புரட்டிப் புரட்டி, எந்தக் கடதாசியைக் கண்டாலும் அவர் கை தானாகவே புரட்டத் தொடங்கிவிடும். என் பாடசாலைக் கொப்பியைக்கூட அப்படித்தான் பார்ப்பார். பத்து விநாடியில் ஒரு தவணைப் படிப்பு முழுவதும் முடிந்துவிடும்.

சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு எங்காவது உலாத்தப் போவார். மருதானையில் ரேடியோ திருத்தக் கொடுப்பது, நுகேகொடைச் சந்தையில் மலிவாகச் சப்பாத்துப் பார்ப்பது, ஒன்றுமில்லாவிட்டால் பஸ்ஸில் கடைசித் தரிப்பிடம் வரை போய்த் திரும்புவது. எங்கே போனாலும் போகும்போது கையில் ஒரு பத்திரிகை இருக்கும், வரும்போது வாயில் ஓர் அபிப்பிராயம் இருக்கும். பாணின் நிறை, பஸ் கொண்டக்டர்களின் நடத்தை, கிரிக்கெட் அணியில் யாரை எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் ஏன் வீதியைத் தோண்டுகிறார்கள் என்று எல்லாவற்றைப் பற்றியும் அவரிடம் ஒரு முடிந்த முடிபு இருந்தது. முதற்பக்கத்தைப் பற்றி மட்டும் இருக்கவில்லை. முதற்பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, ‘ம்’ என்று சொல்லி அடுத்ததுக்குப் போய்விடுவார். மாமா மட்டுமல்ல, நான் அறிந்த பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான். பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, திரும்ப ஏற்றுகிற காலம் அது. முதற்பக்கத்துக்குக் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் அவர்கள் ஐந்தாம் பக்கத்துக்குக் காட்டினார்கள் என்பது எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த மாதம் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது, வெள்ளவத்தைக்கூடாகக் காலி நகருக்குப் போகும் பெருந்தெருவான காலி வீதி. அதை ஒருவழிப் பாதையாக்கப் போகிறார்கள் என்ற செய்தி. வெள்ளவத்தையில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஒரு வாய் இல்லை. மாமா ஒருவழிப் பாதையின் பக்கம். எங்கள் கட்டடத்தின் மின்தூக்கிக்குள் வைத்து நாலு மாடிக்கும் அதை விளக்கியிருக்கிறார்.

மாமாவுக்கு முப்பத்துநாலு வயதாகியும் கலியாணம் ஆகாதது அம்மாவின் கவலை. அதுவரை நான்கு இடம் பார்த்து நான்கும் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதைக் கொண்டுவந்தவர் எங்களுக்குச் சட்டை தைக்கும் அன்ரி. கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம், அவர்களுக்கும் அவர்தான் தைக்கிறார், மகள் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் வேலை, சாதகக் குறிப்பும் பொருந்துகிறது என்று சொன்னார். அளவெடுக்கும்போது ஒரு பெண் எப்படி நிற்கிறாள் என்பதை வைத்தே குணம் சொல்லிவிடுவாராம். இந்தப் பெண் நேராக நிற்கிறவள் என்றார். அம்மா அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்.

எங்களுக்குள் முதலில் பெண் பார்ப்பது வீட்டில் நடக்காது. வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அது பெண் வீட்டாருக்கு அவமானம். ஆகவே கோயிலிலோ கடற்கரையிலோ இரண்டு பகுதியும் தற்செயலாக எதிர்ப்படும். அந்தத் தற்செயலுக்கு நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்திருப்பார்கள். எட்ட நின்று பார்ப்பதோடு சரி, கதைக்கக் கூடாது. பிடித்தால் பிறகு முறையாகப் போகலாம். பிடிக்காவிட்டால் அங்கே ஒன்றும் நடக்கவே இல்லை. இதில் இன்னொரு ஒழுங்கும் உண்டு: வேண்டாம் என்று முதலில் சொல்கிற பகுதிக்கு மரியாதை மிஞ்சும். இரண்டாவதாகச் சொல்கிற பகுதி, வேண்டாம் என்று சொல்லப்பட்ட பகுதியாகிவிடும். முந்திய நான்கில் மூன்று தடவை நாங்கள் இரண்டாவதாக வந்திருந்தோம்.

பெண் சனிக்கிழமைகளில் வாசிகசாலைக்குப் போகிற பழக்கம் உள்ளவர் என்பதால் தற்செயல் அங்கேயே பத்தரை மணிக்கு என்று முடிவானது. அம்மா வர முடியாது. மாப்பிள்ளையின் அக்கா போனால் அது பெண் பார்த்தல், அக்காவின் மகள் போனால் வெறும் உலாத்தல். தனியாக ஓர் ஆண் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர். எனவே என்னை அனுப்பினார்கள்.

பெண்ணின் அடையாளங்களை அம்மா சொல்லச் சொல்ல நான் சதுரக்கோட்டுக் கொப்பித்தாளில் எழுதிக்கொண்டேன். கண்ணாடி போட்டிருப்பார். இளம்பச்சைச் சல்வார். மண்ணிறக் கைப்பை. இடது கையில் மணிக்கூடு. தலையைப் பின்னாமல் கட்டியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி போட ஒரு பெட்டியும் கீறினேன். மாமாவுக்கும் இதைச் சொல்லப் பார்த்தார் அம்மா. அவர் சவரம் செய்துகொண்டே, பெண் வந்தால் தனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குப் புறப்படும்போது அம்மா என் தோளைப் பிடித்து, என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாது, எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்து வந்து தன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்றார். எனக்குப் பின்பற்றத் தெளிவான அறிவுறுத்தல்கள் கிடைப்பது பிடிக்கும்.

வாசிகசாலை ஒரு சந்துக்குள், பேக்கரி ஒன்றின் மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே பாண் வாசம் வரும். உள்ளே சரிந்த மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பத்திரிகையை விரித்து, நடுவில் இரும்புக் கம்பி போட்டுப் பூட்டியிருப்பார்கள். கொண்டுபோய் இருந்து வாசிக்க முடியாது. நின்றுதான் வாசிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வாசிக்கலாம், ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். தன் பக்கத்தை முடித்தவர் மற்றவரைப் பார்த்து “முடிஞ்சுதா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே புரட்டுவார். அங்கே எழுதி ஒட்டாத சட்டம் அது ஒன்றுதான். எழுதி ஒட்டியிருந்தது, கதைக்கக் கூடாது என்பது. மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள்.

நாங்கள் இருபது நிமிடம் முந்திப் போய்விட்டோம். மாமா நேரே தமிழ்ப் பத்திரிகை இருந்த மேசைக்குப் போனார். இடப்பக்கத்தில் ஏற்கனவே ஒருவர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். மாமா வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு, தன் காலி வீதியைத் தேடி அரை நிமிடத்தில் வாசித்து முடித்து, எவரையும் கேட்காமல் புரட்டினார். கோப்பு புரட்டுகிற அதே கை.

ஒரு கை வந்து பக்கத்தைப் பழையபடி திருப்பியது. இடது கை. மணிக்கூடு கட்டியிருந்தது.

“நான் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல.”

நான் என் தாளை எடுத்தேன். கண்ணாடி, சரி. இளம்பச்சை, சரி. கைப்பை, சரி. தலை, சரி. ஐந்துக்கு ஐந்து. மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருடைய பெண் பத்தரைக்கு வரப்போகிறார், இது வேறு யாரோ பத்திரிகை வாசிக்கிற பெண். வாய் திறக்கக் கூடாது என்பது எனக்கு நினைவிருந்தது. பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன்.

மாமா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, வாசிக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒருவழிப் பாதை வரப்போகிறது, அது நல்லது, அவ்வளவுதான் என்று செய்தியைச் சுருக்கிச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் அப்போதுதான் முகத்தைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த தாளையும் பார்த்தார். பிறகு மாமாவிடம், யாருக்கு நல்லது என்று கேட்டார்.

நேரம் மிச்சம் என்றார் மாமா. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு எத்தனை நிமிடம் குறையும் என்று கணக்கும் சொன்னார். அந்தப் பெண் அதை முழுவதும் கேட்டார். காலையில் கடை வாசலில் இறங்குகிற தான் பின்னேரம் வீட்டுக்கு வர மழையில் மற்றத் தெரு வரை நடக்க வேண்டும், மருந்து வாங்க வருகிற கால் ஏலாத மனிசரும் நடக்க வேண்டும், அந்த நிமிடங்களை யார் கணக்கில் எடுத்தது என்றார்.

“உங்ககிட்ட கார் இருக்கா?”

“இல்லை.”

“அப்ப யாருக்காகக் கதைக்கிறீங்க?”

“நாளைக்கு வாங்கலாம்தானே.”

“வாங்கின பிறகு வந்து கதைங்க.”

பக்கத்து மேசையில் சிங்களப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் சிரித்துவிட்டார். பொறுப்பாக இருந்த ஐயா கோடு கீறும் அடிமட்டத்தால் மேசையில் தட்டி, மூன்று மொழி அறிவிப்பையும் சுட்டிக்காட்டி, பிறகு கதவைச் சுட்டிக்காட்டினார். இருவரும் வாயை மூடாமலே கதவைத் தாண்டினார்கள். நான் பின்னால் போனேன். படியில் நின்று இன்னும் பதினைந்து நிமிடம் நடந்தது. பாண் வாங்க வந்தவர்கள் விலகி விலகிப் போனார்கள். மாமா விரலால் சுவரில் காலி வீதியைக் கீறினார். அந்தப் பெண் அதற்குக் குறுக்கே மற்ற வீதிகளைக் கீறினார். பத்தரை மணிக்கு மாமா சட்டென்று மணிக்கூட்டைப் பார்த்து, ஓர் அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு மேலே ஓடினார். பெண் பார்க்க வேண்டுமே. அந்தப் பெண் படியிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டு மணி வரை காத்திருந்தோம். எந்தப் பெண்ணும் வரவில்லை. எட்ட நின்று தன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று மாமா சொன்னார். ஐந்தாவதும் போய்விட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு றோல்ஸும் ஐஸ்கிறீமும் வாங்கித் தந்துவிட்டு, திரும்பும் வழி முழுக்க அவர் கதைத்தது வேறு: மழையைப் பற்றி அந்தப் பெண் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டாவது வாதம் பிழை, அதற்கு மறுமொழி இப்போதுதான் வருகிறது, பெயரைக்கூடக் கேட்கவில்லை. மருதானை தாண்டும்வரை மறுமொழியை எனக்கே சொல்லிப் பார்த்தார். அம்மாவிடம் வாங்கிய உத்தரவு வீடு போகும்வரை செல்லும் என்பதால் நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், பெண் வீட்டார் வரவில்லை என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு மாமா கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். நான் குசினி வாசலில் நின்று, ஒன்றிலிருந்து ஏழு வரை சொன்னேன். ஐந்துக்கு ஐந்து பொருந்திய தாளையும் கொடுத்தேன். அம்மா பருப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் சண்டை பிடித்தார்கள் என்று கேட்டார். உள்ளே ஐந்து நிமிடம், படியில் பதினைந்து என்றேன். அந்தப் பெண் சிரித்தாரா என்று கேட்டார். இல்லை, பக்கத்து மேசைக்காரர் மட்டும் சிரித்தார் என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நேரே தொலைபேசிக்குப் போனார். இந்த முறையாவது நாங்கள் முந்த வேண்டும். சட்டை தைக்கும் அன்ரி ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறார். அம்மா அவரைச் சொல்ல விடவில்லை. பொருந்தாது, குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்ததும் கதிரையில் அமர்ந்து, “அப்பாடா” என்றார்.

திங்கட்கிழமை தைத்த சட்டையை எடுக்கப் போன இடத்தில் அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாராம்: சனிக்கிழமை மத்தியானமே பெண் வீட்டிலிருந்து சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் அன்று வாய் எடுத்தார்.

அம்மா அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாமாவிடம் கொட்டினார். நீ சண்டை பிடித்தவள்தான் அந்தப் பெண், அவளுக்குச் சம்மதம், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமா பிட்டைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமே அது அவ எண்டு?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“வாய் திறக்கக் கூடாதெண்டு அம்மா சொன்னவ.”

மாமா அதற்கு மேல் கேட்கவில்லை. சட்டத்தரணியிடம் வேலை செய்கிறவருக்கு அது செல்லுபடியாகிற மறுமொழி.

அம்மா அன்ரியிடம் திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். ஆனால் ஒருமுறை பொருந்தாது என்று சொன்ன இடத்துக்குத் திரும்பப் போகிற வழி எங்கள் ஆட்களிடம் இல்லை. குறிப்பைக்கூட அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா அந்தக் கிழமை முழுவதும் மின்தூக்கிக்குள் ஒருவரிடமும் ஒன்றும் விளக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு தானே இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தன் சேட்டை மினுக்கினார். காலையில் என்னைப் புறப்படச் சொன்னார். இந்த முறை அம்மா எழுத ஒன்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்தார், ஏதோ சொல்ல வந்து, குடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

வாசிகசாலையில் அந்தப் பெண் அதே மேசையில் அதே இடப்பக்கத்தில் நின்றார். மாமா வலப்பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் பத்திரிகையைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெண்தான் முதலில், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னார்.

“உங்க வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்களாமே.”

“அது அக்கா சொன்னது. நான் சொல்லேல்லை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“கேட்டிருந்தா?”

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஒருவழிப் பாதை நல்லதெண்டுதான் இன்னும் சொல்லுவன். அதுக்கு மறுமொழி ஒண்டும் கொண்டுவந்திருக்கிறன். ஆனா அது பிழையெண்டு நீங்கள் ஒவ்வொரு நாளும் சொல்லலாம்.”

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிச் சல்வார் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “நான் இன்னும் இந்தப் பக்கம் முடிக்கல்ல. அவசரப்பட்டுத் திருப்பிறாதீங்க” என்றார்.

மாமா திருப்பவில்லை. அவர்கள் அந்த ஒரே பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றார்கள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நான் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, தலைகீழாகவே, பதினொரு நிமிடத்தில் அதை விளம்பரங்களோடு வாசித்து முடித்துவிட்டேன். அடிமட்ட ஐயா இரண்டு தரம் வந்து பார்த்தார். எவரும் கதைக்காததால் அவருக்குத் தட்ட ஒன்றும் இருக்கவில்லை.

அந்த முதல் சனிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். ஒரு சிறுமி தாளை வைத்துக்கொண்டு தன் கைப்பையையும் தலையையும் பார்த்துப் பார்த்துச் சரி போட்டால் வேறு என்னவாக இருக்கும் என்று கேட்டார். பலகாரத் தட்டுக்கு முன்னால் எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான், பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் எதிர்த்துக் கதைத்தால் என்ன செய்கிறார் என்று பார்க்க நினைத்தாராம். இதெல்லாம் அன்று எனக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, என்ன நடந்தது என்று கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன்: சண்டை இல்லை, கதை மிகக் குறைவு, மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் வாசிப்பு வேகம் போதாது, ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் எடுக்கிறார்கள், அவர்களைப் பற்றி இனி யோசிக்காமல் விடுவதுதான் நல்லது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

நாங்கள் தொலைபேசியில் சொன்ன ‘பொருந்தாது’ என்பதை இன்றுவரை எவரும் முறைப்படி திரும்பப் பெறவில்லை. மாமாவும் மாமியும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள், கலியாணமாகிப் பதினாறு வருடம். கார் இன்னும் வாங்கவில்லை.